காணாமல் போன அரைக் குதிரை

போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. படூரில் நான் குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற கிழங்கள் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொள்வோம். பேசுவதெல்லாம் சின்னப் பிள்ளைகள்தான். கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டர் இப்போது லிஃப்ட்டை இழுக்கத் திணறுகிறதாம். ரிப்பேர் பார்த்த மெக்கானிக் பழைய சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் குதித்தார். இன்னொரு பையன், ரொம்பப் பதவிசானவன், "அவர் மேல சும்மா பழி போட வேணாம் சார். லோடு டெஸ்ட் எடுத்துடலாம். எவ்ளோ பவர் வருதுன்னு அளந்துட்டா உண்மை தெரிஞ்சிடும்" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முட்டிவலி என்று நினைத்திருப்பார்கள்.

உங்களுக்கும் என் வயசுதான், அதனால் உங்களிடம் சொல்கிறேன். அளந்தால் உண்மை தெரிந்துவிடும் என்று சொன்ன இன்னொரு பதவிசான ஆளை எனக்குத் தெரியும். அவர் என் அப்பா.

செங்கல்பட்டில் ஒரு தொழிற்கல்விக் கூடத்தில் அப்பா எஞ்சின் பிரிவுக்கு ஆசிரியர். அவருடைய கூடத்தில் பழைய நீராவி எஞ்சின் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஓரிரு முறைதான் அதை ஓட்டுவார்கள். அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஈரக்கரியும் சுட்ட எண்ணெயும் கலந்த வாசனை. பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். சிலிண்டரின் தலையில் கைக்கடக்கமான கருவி ஒன்றைத் திருகுவார். அதில் ஒரு உருளை, உருளை மேல் சுற்றிய காகிதம், காகிதத்தைத் தொட்டபடி ஒரு குட்டிப் பென்சில். பிஸ்டன் போய் வரும்போது உருளை முன்னும் பின்னும் திரும்பும், உள்ளே அழுத்தம் ஏற இறங்கப் பென்சிலும் ஏறி இறங்கும். காகிதத்தை எடுத்துப் பார்த்தால், கழற்றிப் போட்ட பூட்ஸ் மாதிரி ஒரு கோடு மூடிக்கொண்டு நிற்கும்.

"இந்தக் கோட்டுக்குள்ள எவ்ளோ எடம் கீதோ, அவ்ளோதான் அது உள்ள செஞ்ச வேலை. வாயால எவ்ளோ வேணா சொல்லிக்கலாம். கோடு பொய் சொல்லாது" என்பார்.

அப்படி ஒரு காகிதத்தை எனக்குக் கொடுத்தார். வரலாற்றுப் புத்தகத்தில் பல வருஷம் வைத்திருந்தேன். வீடு மாற்றியதில் எங்கோ போய்விட்டது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். சொந்தமாக ஒரு வில் தராசு வைத்திருந்தார். கொக்கியில் மாட்டித் தூக்கினால் முள் இறங்கி எடை காட்டுமே, அது. மீன்காரி கொடுத்த மீனை மாட்டுவார், பலாப்பழத்தை மாட்டுவார், ஒரு தடவை அழுதுகொண்டிருந்த என் தம்பியையே துணியில் கட்டி மாட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். யார் மேலும் கோபப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. யாரையும் வெறும் பேச்சை வைத்துக் குற்றம் சொல்ல மாட்டார். இப்படிப்பட்ட மனிதரால் ஒரு உயிர் போகும் என்று அப்போது யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. புதுப்பட்டினம் கடைத்தெருவில் தகரக் கொட்டகை போட்டு, மீன்பிடிப் படகு எஞ்சின், பம்பு செட்டு, ஸ்கூட்டர் எது வந்தாலும் பிரித்துப் போட்டுப் பூட்டுவார். அவர் வந்தால் மண்ணெண்ணெய் வாசனையும், அதை மறைக்க அவர் மென்ற சோம்பு வாசனையும் சேர்ந்து வரும். வாயைத் திறந்தால் புளுகு. சிங்கப்பூர் கப்பலில் எஞ்சின் நின்றுபோய்த் தன்னைப் படகில் வந்து கூட்டிப்போனார்கள் என்பார். நாங்கள் நம்பவில்லை என்று தெரிந்ததும் கப்பலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவர் தேவதூதர் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை என் பெரியப்பாவுக்கு, எஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் பழைய நாசில் ஒன்றைப் புது அட்டைப்பெட்டியில் வைத்துத் தள்ளிவிட்டு மாட்டிக்கொண்டார். சிரித்து மழுப்பி, வேறு நாசில் கொண்டுவந்து போட்டார். பெரியப்பா மட்டும் அதை மறக்கவில்லை.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர். கோடை விடுமுறைக்கு நாங்கள் அங்கேதான் போவோம். அந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று விட்டாயிற்று. கிணற்றில் அஞ்சு குதிரைசக்தி ஆயில் எஞ்சின். நிற்கும் ஆளின் உயரத்தில் பாதி இருக்கும் சக்கரம், டுப்பு டுப்பு என்று வயல் முழுக்கக் கேட்கும் சத்தம். அது வலுவிழந்து போனதால் மாமாவிடம் கொடுத்துப் பிஸ்டன், லைனர் எல்லாம் புதிதாகப் போட்டு வாங்கினார் பெரியப்பா. பூட்டி ஓட்டிப் பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் பழையபடிதான் வந்தது. கடைசி மடை வரை எட்டவில்லை.

பெரியப்பா கொதித்தார். "நாசிலுக்குப் பண்ண அதே வேலையப் பண்ணிக்கினு வந்து நிக்கறான். பழைய பிஸ்டன எமரித் தாளு போட்டுத் தேச்சி உள்ள சொருகிட்டு, புதுசுக்கு டப்பு வாங்கிட்டான்."

"சாமி சத்தியமா புதுசுதான் அண்ணாத்த. நான் புளுகுவேன், இல்லன்னு சொல்லல. இதுல புளுகல" என்றார் மாமா.

இன்றைக்கு எனக்குத் தோன்றுவது: அந்தக் கோடையில் பக்கத்துத் தோப்பில் புதிதாகப் போர்வெல் போட்டிருந்தார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்தது. நாங்கள் குளிக்க இறங்கும் படிகளைப் பார்த்தாலே தெரியும், வழக்கமாக நனைகிற படிகள் அந்த வருஷம் காய்ந்து கிடந்தன. ஆழத்திலிருந்து தூக்கினால் தண்ணீர் குறைவாகத்தானே வரும். பெரியவர்கள் எல்லாரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சண்டை முற்றுவதற்குள் அப்பா நடுவில் புகுந்தார். "எதுக்கு வாய்ச் சண்டை? அளந்துடலாம். அஞ்சு குதிரை வந்துச்சுன்னா அவன் செஞ்சது புது வேலை. வரலன்னா பேசலாம்."

மாமாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை மறக்க முடியாது. தப்பித்துவிட்டோம் என்பது மாதிரி முகம். "அளங்க மச்சான். நீங்க அளந்தீங்கன்னா அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தன் வாய் தொறக்க மாட்டான்" என்றார். ஆவணியில் அவருக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண் வீடு பெரியப்பாவின் ஊருக்கு அடுத்த ஊர். திருட்டுப் பட்டம் அங்கே போய்ச் சேர்வதற்குள் துடைத்துவிட வேண்டும் என்கிற தவிப்பு அவருக்கு.

வயலில் நிற்கும் எஞ்சினுக்குப் பென்சிலும் காகிதமும் உதவாது. அதற்கு வேறு வழி. சக்கரத்தின் மேல் தடித்த கயிற்றைச் சுற்றுவார்கள். கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மறு முனையை வில் தராசில் மாட்டி, தராசைத் தரையில் அடித்த முளையில் கட்டிவிடுவார்கள். எஞ்சின் ஓடும்போது கயிறு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். வேகம் குறையாமல் எவ்வளவு கல்லை அது தாங்குகிறது என்று பார்த்து, அந்தக் கல்லின் எடையில் தராசு காட்டுகிற எடையைக் கழித்து, சக்கரத்தின் அளவையும் சுற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் குதிரை எத்தனை என்று வந்துவிடும். "எவ்ளோ முரண்டு புடிக்குதோ அவ்ளோ பலம்" என்று அப்பா எங்களுக்கு விளக்கினார்.

தராசு அப்பாவிடம் இருந்தது. எடைக்கல் வேண்டும். ஊரில் எடைக்கல் இருந்தது நெல் மண்டிக்காரரிடம்தான்.

இப்போது மண்டிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் நிலம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவரிடம் இரண்டு ஜதை கல் இருக்கும். களத்துக்கு வந்து நம் நெல்லை வாங்கும்போது கொண்டுவருவது ஒரு ஜதை, கடையில் உட்கார்ந்து அரிசி விற்கும்போது வைப்பது இன்னொரு ஜதை. வாங்குகிற கல்லின் அடிக்குழியில் ஈயம் கூடுதலாக இறங்கியிருக்கும். எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகள் நாங்கள்கூட, கூடப்படிக்கிற குண்டுப் பையனை 'மண்டிக்கல்லு' என்றுதான் கூப்பிடுவோம். தெரிந்தும் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் விதைப்புக்கு முன்பணம் தருகிறவர் அவர். மேலே அரசாங்க முத்திரை இருக்கிறதல்லவா, அது போதும்.

மாமாவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். களத்துக்கு வரும் ஜதைதான் அன்றைக்கு வெளியே கிடந்திருக்கிறது. இரண்டு பத்து கிலோ கல்லைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். இறக்கும்போது விரலை உதறிக்கொண்டு, "மண்டிக்காரன் கல்லு கைய ஒடிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தோம். பெரியப்பாகூடச் சிரித்தார். அப்பா கல்லைப் புரட்டி முத்திரையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அன்றைக்கு அந்த வயலில் நின்ற ஒருவருக்கும் புரியவில்லை. நெல் நிறுக்கும்போது கல் கனமாக இருக்கும் என்பது விவசாயம். எஞ்சின் அளப்பது படிப்பு. இரண்டையும் எங்கள் தலை சேர்த்துப் பார்க்கவில்லை.

எஞ்சின் ஓடியது. கயிறு சூடேறிப் புகைந்தது, மாமா வாளித் தண்ணீரை அள்ளி அள்ளிச் சக்கரத்தின் மேல் ஊற்றினார். வெந்த தேங்காய்நார் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அப்பா குனிந்து, வேகம் காட்டும் கருவியை அச்சின் நுனியில் அழுத்தினார். முதலில் ஒரு கல், பிறகு இரண்டு. இரண்டு கல்லோடு எஞ்சின் தன் வேகத்தில் நின்று இழுத்தது. அதற்கு மேல் கயிற்றில் ஒரு செங்கல்லைக் கட்டினாலும் திணறியது. அப்பா நிறுத்தச் சொன்னார். வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே கணக்கு.

"நாலரை" என்றார்.

மாமா ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "சரியா பாருங்க மச்சான்" என்றார்.

"ரெண்டு தபா பாத்துட்டேன். அரைக் குதிரை குறையுது." அப்பாவின் குரலில் கோபமே இல்லை. வகுப்பில் பேசுகிற குரல். "பிஸ்டன் புதுசுன்னா வேலை சரியில்ல. வேலை சரின்னா பிஸ்டன் புதுசில்ல. ரெண்டுல ஒன்னுதான் இருக்க முடியும்."

திருடன் என்று அப்பா சொல்லவில்லை. அதை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், "நான் நம்பரத்தான சொன்னேன்" என்று. பெரியப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அங்கேயே மாமாவின் சட்டையைப் பிடித்தார். அம்மா ஓடி வந்தாள். புகுந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, தன் தம்பியைப் பார்த்து அவள் சொன்னாள்: "பொறந்த வூட்டு மானத்த இங்க வந்து வித்துட்டியேடா. இனிமே என் வாசப்படிய மிதிக்காத."

மாமா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு எதிர்ப்பேச்சு, ஒரு புளுகு, எதுவும் வரவில்லை. அவருக்கு அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இன்றைக்கும். கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் மனிதர் கத்திச் சண்டை போட்டுவிட்டுப் பிழைத்திருப்பார்.

கல்யாணப் பேச்சு நின்றது. கடைத்தெருவில் எஞ்சின் கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். வந்ததையும் மாமா ஒழுங்காகச் செய்யவில்லை என்று கேள்விப்பட்டோம். பூட்டியதைத் திரும்பப் பிரிப்பாராம், திரும்பப் பூட்டுவாராம், சரியாக இருக்கிறதா என்று வாடிக்கைக்காரரிடமே கேட்பாராம். படகுக்காரர்கள் கடலுக்குப் போகிற அவசரத்தில் இதையெல்லாம் பொறுப்பார்களா?

ஆவணியில் அறுவடை. களத்தில் நெல் நிறுக்க மண்டி ஆட்கள் வந்தார்கள். அப்பா லீவு போட்டு வந்திருந்தார், பையில் வழக்கம்போல வில் தராசு. பெரியப்பா மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ஓரமாக உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிற கையல்ல அது. பக்கத்தில் கிடந்த பத்து கிலோ கல்லைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். முள்ளைப் பார்த்தார். இறக்கினார். மறுபடி மாட்டித் தூக்கினார். பிறகு தராசைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, வெயிலில் எழுந்து நடந்து போனார். நான் நெற்குவியல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் நான் வயதுக்கு வந்தேன். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வர வேண்டும், பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், சீர்த் தட்டு வைக்க வேண்டும். அம்மா தன் ஒன்றுவிட்ட தம்பியை அழைத்துக் காரியத்தை முடிக்க ஏற்பாடு செய்திருந்தாள். எனக்குப் புதுப்பாவாடை சரசரக்கிறது, தலையில் பூ கனக்கிறது, பந்தல் நிறைய ஆட்கள். அப்போது வாசலில் மாமா வந்து நின்றார். வெள்ளை வேட்டி, முழங்கை வரை எண்ணெய்க் கறை போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கை. கையில் எவர்சில்வர் தட்டு. பாவாடைத் துணி, கண்ணாடி வளையல், ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். படியில் கால் வைக்கவில்லை. தெருவிலேயே நின்றார்.

"அக்கா, இத மட்டும் வாங்கிக்க. நான் உள்ள வர்ல."

அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா எழுந்து, "எவன் வூட்டுக் காசுடா இது?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அப்பாவைத் தேடினேன். அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா தட்டோடு திரும்பிப் போனார். அப்பாவுக்கும் மாமா மேல் அவ்வளவு ஆத்திரம் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா கொட்டகையை விற்றுவிட்டுக் கேளம்பாக்கத்துக்குப் போய் உப்பளத்தில் மூட்டை தூக்கினார். ஸ்பானர் பிடித்த கை உப்பில் வெந்தது. குடி பிடித்துக்கொண்டது. எங்கள் பஸ் அந்த வழியாகப் போகும்போது நான் ஜன்னலில் தேடுவேன், வெயிலில் உப்புக் குவியல்கள்தான் தெரியும். அடுத்த வருஷ மழைக்காலத்தில் அவரை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மஞ்சள் காமாலை, ஈரல் போய்விட்டது. அம்மா மட்டும் போனாள். திரும்பி வந்து அப்பாவிடமும் எங்களிடமும் சொன்னாள். "'நான் புதுசுதான் போட்டேன்க்கா. ஆனா மச்சான் அளந்தாரே, அது பொய்யா போவுமா? அப்ப என் கைதான் இன்னாவோ தப்பு பண்ணிடிச்சி'ன்னு அழுதான். கடைசில ஒத்துக்கினான். அதுவே போதும்."

ரெண்டு நாளில் மாமா போய்விட்டார். அதன் பிறகு யார் கேட்டாலும் அம்மா அதையே சொல்வாள். கடைசியில் ஒத்துக்கினான். அவன் ஒத்துக்கொண்டதால்தான் தனக்கு மனசு ஆறியது என்பாள். வாழ்நாள் முழுக்கச் சொன்னாள். அப்பா அப்போதெல்லாம் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்.

அம்மா இறந்த பிறகு அப்பா படூரில் என்னோடுதான் இருந்தார். ஒரு மத்தியானம் பால்கனியில் உட்கார வைத்து அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வில் தராசில் பத்து கிலோ கல் பதினொன்று காட்டியதைச் சொன்னார். எஞ்சின் தாங்கியது இருபத்திரண்டு கிலோ, அவர் கணக்குப் போட்டது இருபதுக்கு. அன்றைக்குக் களத்தை விட்டு ஏன் எழுந்து போனார் என்றும் சொன்னார். நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

"மஞ்ச நீராட்டு அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஒரு தபா தப்பா சொல்லிட்டேன். மறுபடியும் சரியான கல்லு வெச்சி அளந்து பாத்துட்டு, நிச்சயமா சொல்லலாம்னு இருந்தேன்மா. அதுக்குள்ள உங்க பெரியப்பா கரண்ட் மோட்டார் வாங்கிட்டு எஞ்சின வித்துட்டாரு."

பெரியப்பாவிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் கல் கதை வெளியே வரும், எஞ்சின் கதையும் கூடவே வரும். அந்தக் கல்லால் அண்ணன் வருஷா வருஷம் நெல்லைப் பறிகொடுப்பதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவங்க தம்பி செத்த பிறகாவது."

"அவ மனசு ஆறிப்போச்சுன்னு சொல்லிக்கினு இருந்தாளே" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. எண்பது தாண்டிய கால் என் மடியில் இருந்தது, பாதம் குளிர்ந்து கிடந்தது. எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்தது, உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அது போகவும் இல்லை. மீதி விரல்களை வெட்டி முடித்தேன்.

"அப்போ எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டேன். "அந்த எஞ்சின்?"

யோசிக்காமல் பதில் வந்தது. களத்தை விட்டு நடந்த அன்றைக்கே மனசில் கணக்குப் போட்டுவிட்டிருக்கிறார்.

"அஞ்சு. கொஞ்சம் கூடவே இருக்கும். உங்க மாமா செஞ்சது நல்ல வேலைம்மா."

அதைக் கேட்க வேண்டிய இரண்டு பேரும் அப்போது உயிரோடு இல்லை.